அடிக்காத ஹோன்

பின்னால் வாகனம் வருகிறது என்று சைக்கிள்காரனுக்குச் சொல்லும் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. டென்மார்க்கில் இருக்கும் மகள் அனுப்பியது. அங்கே அவள் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள். எழுபத்து மூன்று வயதில் நான் ஸ்கூட்டரை விட்டுவிட்டு மறுபடி சைக்கிள் ஓடத் தொடங்கியது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். கண் மங்குகிறது என்றேன். அது உண்மையல்ல. உண்மையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கருவியிலிருந்தே தொடங்கவேண்டும். அது வந்திராவிட்டால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன்.

இரண்டு துண்டுகள். ஒன்று தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. சீற்றுக்குக் கீழே, பின்பக்கம் பார்த்தபடி பூட்டவேண்டும். மற்றது ஹாண்டிலில் இருக்கும் சின்னத் திரை. பின்னால் ஒரு வாகனம் நெருங்கினால் திரையின் அடியில் ஒரு புள்ளி தோன்றி மேலே ஏறும். கூடவே ‘பீப்’ என்று ஒரு சத்தம். வேகமாக வந்தால் திரையின் ஓரம் சிவப்பாகும். எங்கள் தீவுக் கிராமமான கரம்பொனில் சைக்கிள் திருத்துகிறவரிடம் பூட்டக் கொண்டுபோனேன். அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாஸ்டர், பின்னாலை லொறி வருது எண்டு உது சொல்லுது. சரி. சொன்னாப் போலை நீங்கள் என்ன செய்வியள்? பண்ணைப் பாலத்திலை நிண்டு கடலுக்கையோ குதிக்கப் போறியள்?”

“ஒதுங்கலாம்தானே.”

“எங்கை ஒதுங்கிறது? ஒரு பக்கம் கடல். மற்றப் பக்கமும் கடல்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தீவையும் பட்டணத்தையும் இணைக்க, கடலுக்குக் குறுக்கே போட்ட அந்தத் தாம்போதியில் சைக்கிளுக்கென்று தனி வழி கிடையாது. ஒதுங்கினால் கல்லும் மணலும், அதற்கப்பால் தண்ணீர். ஆனாலும் கருவியைப் பூட்டிக்கொண்டு ஒருநாள் விடியற்காலை புறப்பட்டேன். இரண்டு இடத்தில் இறங்கி நின்று இளைப்பாறி, பட்டணம் வரை போய், திரும்பி வந்தேன்.

போகும்போது அது வீண் என்று நினைத்தேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று முதுகில் தள்ளுகிறது. பின்னால் வரும் ஒவ்வொன்றின் சத்தத்தையும் அந்தக் காற்றே என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. குறிகாட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவு யாத்திரிகரை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் பஸ் வந்தது. கருவி சொல்லுமுன் எனக்குத் தெரிந்தது. மீன் லொறி வந்தது, தெரிந்தது. இதற்கு ஒரு பெட்டியும் திரையும் தேவையா என்று மகளுக்குச் சொல்ல வசனம்கூடத் தயார் பண்ணிவிட்டேன்.

திரும்பி வரும்போது கதை மாறியது. இப்போது காற்று முகத்துக்கு நேரே. காதுக்குள் ஓயாத இரைச்சல். பின்னால் எழும் சத்தத்தையெல்லாம் காற்று பின்னாலேயே அடித்துக்கொண்டு போய்விடுகிறது. திரையில் புள்ளி ஏறுவது தெரிகிறது, காதில் ஒன்றும் விழவில்லை. தோளோடு உரசுவதுபோல் ஒரு வான் தாண்டிய பிறகுதான் அதன் எஞ்சின் கேட்கிறது. வாழ்நாள் முழுக்க அந்தப் பாதையால் போய்வந்த எனக்கு இது புதிதல்ல. சோளகக் காலத்தில் வீடு திரும்பும் தீவார் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அன்று நடுப்பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் காலை ஊன்றியபடி நின்றேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு அதே இடத்தில்தான் நான் ஒரு மனிதரைப் பின்னாலிருந்து இடித்து விழுத்தினேன்.

அவர் எங்கள் அயலூர்க் கடற்கரையைச் சேர்ந்தவர். பரம்பரையாகக் கடலுக்குப் போகும் கத்தோலிக்கக் குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். வயது போனபின் ஆழக்கடலுக்குப் போவதை விட்டு, வலை முடைந்துகொண்டும் கரையோரம் வலை பாய்ச்சிக்கொண்டும் இருந்தார். அவருடைய மகன் என்னிடம் கணிதம் படித்தவர். நாற்பது வருடப் பழக்கம். நட்பு என்று சொல்லமாட்டேன். வீதியில் கண்டால் கதைக்கும் பழக்கம்.

எங்கள் தீவில் ஹோன் அடிப்பது வழி விடச் சொல்வதற்கு மட்டுமல்ல. வாகனம் குறைந்த இடம். போகிறவர் வருகிறவர் எல்லாம் தெரிந்தவர்கள். பின்னால் வருகிறவர் சின்னதாக ஒரு ஹோன் அடித்தால் ‘நான்தான் போகிறேன்’ என்று பொருள். சைக்கிளில் போகிறவர் திரும்பிப் பாராமலே இடது கையைக் கொஞ்சம் தூக்குவார். அது மறுமொழி. கோபித்துக்கொண்டவர்கள் ஒருவருக்கொருவர் ஹோன் அடிக்கமாட்டார்கள். யார் யாருக்கு ஹோன் அடிப்பதில்லை என்பதை வைத்தே எந்தெந்தக் குடும்பங்களுக்குள் கதைபேச்சில்லை என்று ஊர் கண்டுபிடித்துவிடும்.

எனக்கு அவரோடு வந்த கோபம் ஒரு சொல்லால் வந்தது. பஸ் தரிப்பிடம் எங்கே கட்டுவது என்று ஊர்ச் சங்கத்தில் கூட்டம் நடந்தது. நான் தலைவர். வழமைபோல நீளமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து, “நீர் கொஞ்சம் இரும் மாஸ்டர், மற்ற ஆக்களும் கதைக்கட்டும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேச்சை நிறுத்தச் சொன்னதற்காக அல்ல. அதுவரை என்னை ‘நீங்கள்’ என்றவர், சபை நடுவில் மரியாதை ஒரு படி குறைத்து ‘நீர்’ என்றதற்காக. நாற்பது வருடமாக நான் அவரை ‘நீர்’ என்றே அழைத்து வந்திருக்கிறேன் என்பது அப்போது என் நினைவில் வரவில்லை. படித்த குடும்பம், காணி பூமி உள்ள குடும்பம், அவர் யார், நான் யார் என்ற பழைய கணக்கெல்லாம் எனக்குள் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நான் வேறுவிதமாகச் சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவருக்கு ஹோன் அடிப்பதை நிறுத்தினேன்.

இரண்டு மாதம் கழிந்தது. பட்டணத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். சோளகம் உரத்து வீசியது. பாலத்தில் முன்னால் ஒரு சைக்கிள். கரியரில் வலைநூல் பொதி. முதுகைக் கண்டதுமே அவர்தான் என்று தெரிந்தது. அந்தக் காற்றில் அவருக்கு என் ஸ்கூட்டர் கேட்காது என்பதும் தெரியும். என் பெருவிரல் ஹோன் பொத்தானின் மேலேயே இருந்தது. அடித்தால் அவர் கையைத் தூக்குவார், நான் முதலில் இறங்கி வந்தது போலாகிவிடும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இப்போதும் சொல் சொல்லாக நினைவிருக்கிறது. நான் அழுத்தவில்லை. சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடலாம் என்று வலப்பக்கமாக எடுத்தேன்.

அதே கணத்தில் அவர் வலப்பக்கம் திருப்பினார். எதிர்ப்பக்கத்துக் கடலில் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் என்ன பட்டது என்று கேட்கத் திருப்பியிருக்கிறார். இருவரும் விழுந்தோம். எனக்கு முழங்கால் தோல் போனது. அவருக்கு வலது முன்னங்கை முறிந்து, நெற்றி பிளந்தது.

வலைக்காரர் இருவரும் ஓடி வந்தார்கள். எங்கள் பக்கத்து ஓட்டோக்காரர் ஒருவரும் நிறுத்தினார். விழுந்தவர் வீதியில் கிடந்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டார்.

“மாஸ்டர், ஹோன் அடிச்சனீங்களோ?”

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டார். மூன்று பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஓம். ரெண்டுதரம் அடிச்சனான். உமக்குக் கேக்கேல்லையோ?”

“கேக்கேல்லையே,” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

“காது மந்தமாப் போச்சு அண்ணைக்கு,” என்றார் ஓட்டோக்காரர். நான் மறுக்கவில்லை.

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை என்று பலநாள் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அதுவும் பாதிதான் உண்மை. முதல் வசனம் யோசிக்காமல் வந்தது. ‘ரெண்டுதரம்’ என்பதை யோசித்துத்தான் சேர்த்தேன்.

ஆஸ்பத்திரியில் பொலிஸார் கேட்டபோது அவர் பிழை தன்னுடையது என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் ஹோன் அடித்தார், எனக்குக் கேட்கவில்லை, நான் திருப்பிவிட்டேன் என்றார். நான் சொன்னதைச் சந்தேகிக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. தன் காதைச் சந்தேகித்தார்.

கை பொருந்தியது. மற்றது பொருந்தவில்லை. மகன் சைக்கிளைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தார். மனைவி அவரோடு உரத்துக் கதைக்கத் தொடங்கினார். பிறகு பேரப்பிள்ளைகள், பிறகு ஊர். ஒரு வீட்டில் நாளுக்கு எத்தனை சொல் எல்லாருடைய காதிலும் விழாமல் போகிறது! நாங்கள் ‘என்ன?’ என்று கேட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். அவர் ஒவ்வொன்றையும் தன் செவிட்டுக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் கோயிலில் முன்குரல் எடுத்துப் பாடுகிறவர். சுருதி பிழைக்கும் என்று அதை விட்டுவிட்டார். காதைச் சோதிக்க ஆஸ்பத்திரியில் கிளினிக் துண்டு கொடுத்திருக்கிறார்கள், போகவில்லை. “தெரிஞ்சதை ஏன் திருப்பிப் போய்க் கேக்கிறது” என்றாராம். இவையெல்லாம் மீன் சந்தையில் ஆள்மாறி ஆள்மாறி என் காதுக்கு வந்தன. கேட்டுவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வந்தேன். ஸ்கூட்டரை மட்டும் விற்றுவிட்டேன். அது ஒரு பரிகாரம் என்று நினைத்தேன் போலும். அதனால் அவருக்கு என்ன வந்தது?

பாலத்தில் காலை ஊன்றி நின்ற அன்றுதான் இந்தக் கருவியை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. இது இருந்தால் மகன் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கக்கூடும். நல்ல யோசனை என்று மகிழ்ந்தேன். சொல்லாமலே சரிசெய்துவிடலாம் அல்லவா? மறுநாள் காலை பத்து மணிபோல அவர் வீட்டுக்குப் போனேன். படலைக்கு வெளியே வீதியோரம் சைக்கிளை நிறுத்தினேன். அவர் வளவின் உள்ளே, பூவரச மரத்தடியில், வீதிக்கு முதுகைக் காட்டியபடி வலை முடைந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி படலையடிக்கு வந்தார்.

நான் விளக்கினேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“பீப் எண்டு கத்துமோ?”

“ஓம்.”

“காது கேளாத மனிசனுக்கு அது கத்தி என்ன, கத்தாட்டி என்ன மாஸ்டர்?”

இதை நான் யோசிக்கவே இல்லை. கணிதம் படிப்பித்தவன்.

“திரையிலை புள்ளியும் வரும்,” என்றேன்.

“அப்ப அவர் குனிஞ்சு புள்ளியைப் பாத்துக்கொண்டு போக, முன்னாலை வாற மாட்டை ஆர் பாக்கிறது?”

அந்த நேரம் சந்திப் பக்கமிருந்து ஒரு வான் வந்தது. கருவி ‘பீப்’ என்றது. பெரிய சத்தமல்ல. பூவரசடியிலிருந்து, திரும்பாமலே, அவர் கேட்டார்.

“என்னடியப்பா உது, படலையிலை கீச்சிடுது?”

மனைவி என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்துபோய், அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நின்று, வழக்கமான தன் உரத்த குரலை விட்டுவிட்டு, தனக்குத்தானே சொல்வதுபோலக் கேட்டார்.

“மத்தியானத்துக்கு என்ன கறி வைக்கிறது?”

“நீ எதை வைச்சாலும் உப்புக் கூடத்தானே. என்னை ஏன் கேக்கிறாய்?”

அந்த அம்மா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இஞ்சேருங்கோ, உங்களுக்குக் காது கேக்குது” என்றார். அவர் திரும்பி, என்னைக் கண்டு எழுந்தார். இரண்டு வருடமாக அந்த வீட்டில் கத்திக் கதைத்ததை நினைத்து இருவருமே வெட்கப்பட்டது போலிருந்தது. சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மாவின் முகம் மாறியது.

“அப்ப மாஸ்டர் அடிச்ச ஹோன் மட்டும் ஏன் கேக்காமல் போனது?”

கணவரே மறுமொழி சொன்னார்.

“காத்தடி. அண்டைக்கு நல்ல சோளகம். அதுதான் அள்ளிக்கொண்டு போயிருக்கும். என்ன மாஸ்டர்?”

என்னைக் காப்பாற்றுவதற்காக அவர் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். ஆனாலும் அது எனக்குத் திறந்துவிட்ட வழி. ‘ஓம், காத்துத்தான்’ என்று இரண்டு சொல் சொன்னால் போதும். அவருக்குக் காது திரும்பக் கிடைத்துவிட்டது, என் பெயருக்கும் ஒன்றும் வராது. தேநீர் குடித்துவிட்டு வந்திருப்பேன். அந்த இரண்டு சொல்லும் நாக்கு நுனி வரை வந்தன என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

“நான் ஹோன் அடிக்கேல்லை,” என்றேன்.

அந்த அம்மா மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டுதரம் அடிச்சனான் எண்டு அண்டைக்குச் சொன்னது பொய். ஒருதரமும் அடிக்கேல்லை.”

“மறந்துபோனியளோ?” என்று அவர் கேட்டார்.

“இல்லை. பொத்தானிலை கை இருந்தது. வேணுமெண்டு அடிக்கேல்லை.”

“ஏன்?”

கூட்டத்தில் அவர் சொன்னதைச் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். நெற்றியில் அந்தத் தழும்பும் சுருங்கியது.

“நானோ? அப்பிடிச் சொன்னனானோ?” அவருக்கு அது நினைவே இல்லை. பிறகு, “அதுக்கோ?” என்று மட்டும் கேட்டார்.

மன்னிக்கவேண்டும் என்றேன். முதல் முறையாக அவரை ‘நீங்கள்’ என்று அழைத்துக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. வேறெதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு வருசமா நான் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகேல்லை, தெரியுமோ?” என்றார். “பாவத்தைச் சொல்லேக்கை சுவாமி மெல்லமாக் கேப்பார். எனக்குக் கேக்காது, நான் உரத்துச் சொல்லுவன், வரிசையிலை நிக்கிற சனமெல்லாம் கேட்டுக்கொண்டு நிக்கும் எண்டு வெக்கம்.”

அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அன்று எனக்கு அந்த வீட்டில் தேநீர் தரப்படவில்லை.

கருவியைக் கழற்றிக் கொடுக்கப் போனேன். வேண்டாம், கொண்டுபோங்கள் என்றார். பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “எனக்குச் சொன்னது காணாது. அண்டைக்கு நிண்ட மூண்டு பேருக்கும் என்ரை மகனுக்கும் சொல்லவேணும். நான் சொன்னா நம்பமாட்டினம். நீங்கள் சொல்லவேணும்.”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வழியில் அந்தத் திரை இரண்டு மூன்று தடவை சத்தம் போட்டது. சைக்கிள்காரருக்கு இப்படி ஒன்று தேவையா என்பது பற்றி மகளுக்கு அன்று மாலையே எழுதினேன். தேவைதான், முக்கியமாகச் சோளகத்தில் வீடு திரும்பும்போது, என்று எழுதினேன். ஆனால் பின்னால் வருகிறவன் ஒரு விரலை அசைத்துச் செய்யவேண்டியதை, முன்னால் போகிறவன் தன் முதுகில் பூட்டிக்கொண்டு திரியவேண்டி வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. கருவி புள்ளியைக் காட்டும். அந்தப் புள்ளிக்குள் இருக்கும் மனிதன் என்ன நினைத்துக்கொண்டு வருகிறான் என்பதைக் காட்டாது. ஸ்கூட்டரை நான் விட்ட காரணத்தையும் அந்தக் கடிதத்தில் அவளுக்குச் சொன்னேன். அவள் இன்னும் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வானிலையைப் பற்றிக் கதைக்கிறாள்.

இரண்டு நாள் எனக்குத் துணிவு வரவில்லை. மூன்றாம் நாள் காலை மீன் ஏலம் கூறும் இடத்துக்குப் போனேன். வலைக்காரர் இருவரும் அங்கேதான் மீன் கொண்டுவந்து ஏலம் கூறக் கொடுப்பார்கள். ஓட்டோக்காரர் பெட்டி ஏற்ற வருவார். மகன் தராசடியில் நிற்பார். தகப்பனும் வந்து ஒரு பக்கமாக நின்றார். யாரோ வரச் சொல்லியிருக்கவேண்டும், அல்லது ஒவ்வொரு நாளும் வந்து பார்த்திருக்கவேண்டும். கூறி முடிந்து சனம் கலையத் தொடங்கும்போது நான் சொன்னேன். வகுப்பறையில் பேசிப் பழகிய குரல்தான். ஹோன் அடிக்கவில்லை என்பதையும், அடித்தேன் என்று பொய் சொன்னதையும், அவருக்குக் காதில் ஒரு குறையும் இல்லை என்பதையும் சொன்னேன்.

ஓட்டோக்காரர் என்னிடம் வந்து, “விடுங்கோ மாஸ்டர். ஆருக்கும் நடக்கிறதுதானே,” என்றார். எனக்கு அது ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் இருந்தது.

“ஆருக்கும் நடக்கேல்லை,” என்றார் அவர். “எனக்கு நடந்தது.”

ஓட்டோக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வலைக்காரரில் ஒருவர், அண்ணையை நான்தான் முதல் முதல் செவிடர் என்று கூப்பிட்டனான் என்று முணுமுணுத்தார். அதையும் அவர் கேட்டார், கேட்டதாகத் தலையசைத்தார்.

மகன் தராசை விட்டுவிட்டு வந்தார். என்னிடம் படித்தவர், என்னைக் கண்டால் இப்போதும் மடித்துக் கட்டிய சறத்தை மரியாதைக்கு இறக்கிவிடுகிறவர். அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. தகப்பனுக்குப் பக்கத்தில் போய் நின்று, தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். நான் நான்கடி தூரத்தில் நின்றேன். எனக்கு அது காதில் விழவில்லை. தகப்பன் உடனே “ஓம்” என்றார். மகன் இன்னொன்று கேட்டார், அதே குரலில். அதற்கும் மறுமொழி சொன்னார். இருவரும் அப்படியே கதைத்துக்கொண்டு மீன்பெட்டிகளைத் தாண்டி வீதிக்கு ஏறிப் போனார்கள்.